கடலடிக் கேபிள் அறுந்தால் அரசுக்கு அறிக்கை அளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் நாடுகளுக்கிடையே செய்திகளைக் கடலுக்கடியில் கொண்டுசெல்லும் (அன்று தந்தி, இன்று இணையம்) கடலடிக் கேபிளோடு இந்த மண்ணுக்கு இருக்கும் உறவு மிகப் பழையது. மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் செல்லும் தந்திக் கேபிள் 1871இல் இயங்கத் தொடங்கியபோது, அந்த ஊர்களில் கடை வைத்திருந்த நகரத்தார் வணிகர்களின் செய்திகளும் அதன் வழியே போய்வந்தன. இன்று காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் படித்த இளைஞர்கள் பலர் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய இடங்களில் நெட்வொர்க் கண்காணிப்பு மையங்களில் இரவுப் பணி பார்க்கிறார்கள். சொந்த ஊரிலேயே சிறிய பிராட்பேண்ட் நிறுவனம் நடத்துவோரும் உண்டு. கடலுக்கடியில் ஒரு கேபிள் பழுதானால் எந்த அரசுக்கு, எத்தனை மணி நேரத்துக்குள், என்னென்ன விவரங்களுடன் அறிக்கை அளிக்க வேண்டும் என்பதை இந்த இரு தரப்பினருக்காகவும் எழுதுகிறேன்.

உலகில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 150 முதல் 200 கேபிள் பழுதுகள் ஏற்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மீன்பிடி வலைகளாலும் கப்பல் நங்கூரங்களாலும் நேர்பவை. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையத் திறன் பெருமளவு குறைந்தது. 2024 தொடக்கத்திலும் 2025 செப்டம்பரிலும் செங்கடலில் கேபிள்கள் அறுந்தன. 2024 நவம்பரில் பால்டிக் கடலில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு கேபிள்கள் துண்டிக்கப்பட்டபோது, அது விபத்தா நாசவேலையா என்ற கேள்வி அரசுகளையே கவலையில் ஆழ்த்தியது. இத்தகைய நேரத்தில், எங்கே, எப்போது, எந்தக் கேபிள் அறுந்தது என்ற உறுதியான செய்தி அரசுக்கு விரைவாகக் கிடைக்க வேண்டும் என்பதே அறிக்கை விதிகளின் நோக்கம். ஆகவே அறிக்கையை வெறும் அலுவலகச் சடங்காகக் கருதாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எந்த அரசின் விதி உங்களைக் கட்டுப்படுத்துகிறது?

நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பது இதைத் தீர்மானிப்பதில்லை. கேபிள் எந்த நாட்டில் கரையேறுகிறது, அதற்கான உரிமத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் குவாம் தீவிலோ கலிபோர்னியாவிலோ கரையேறும் கேபிளைச் சென்னை அலுவலகத்திலிருந்து கண்காணித்தாலும், அதன் உரிமதாரர் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளுக்கு உட்பட்டவரே. ஐரோப்பாவில் கரையேறும் கேபிள்களுக்கு அங்குள்ள ‘நிஸ் 2’ இணையப் பாதுகாப்பு நெறிமுறை பொருந்தக்கூடும். இந்தியாவில் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் கரையேறும் கேபிள்கள் தொலைத்தொடர்புத் துறையின் உரிம நிபந்தனைகளுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை.

எனவே பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்கள் கண்காணிப்பில் இருக்கும் ஒவ்வொரு கேபிளுக்கும் அதன் பெயர், உரிமதாரர்கள், இரு முனைகளிலும் கேபிள் கரையேறும் தரையிறங்கு நிலையங்கள், அறிக்கை போக வேண்டிய அமைப்பு, அறிக்கை அளிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் நிறுவனம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேபிளுக்குப் பல உரிமதாரர்கள் இருக்கும்போது, அனைவருக்காகவும் அறிக்கை அளிக்கும் ஒருவரை நியமித்துக்கொள்ள அமெரிக்க விதி இடம் தருகிறது. அந்த ஒருவர் யார் என்று நள்ளிரவில் தேடிக்கொண்டிருக்கும் நிலைமை வரக்கூடாது.

முதல் படி: பழுது கடலிலா, தரையிலா?

காரைக்குடியில் இணையம் நின்றுவிட்டால் உடனே கடலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சாலை விரிவாக்கப் பணியில் ஜே.சி.பி. இயந்திரம் தரைவழி ஃபைபரைத் துண்டித்திருக்கும் வாய்ப்பே அதிகம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உள்நாட்டுத் தளங்கள் வழக்கம்போல் திறந்து, வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் தாமதமானால் சர்வதேச வழித்தடத்தில் கோளாறு இருக்கலாம். தரவு எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் போய்வருகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் சோதனையை எடுத்துப் பாருங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே வழித்தடம் ஒவ்வொரு 1,000 கிலோமீட்டர் நீளும்போதும், போய்வரும் நேரம் ஏறக்குறைய 10 மில்லி நொடி கூடும். சிங்கப்பூருக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த போக்குவரத்து திடீரென மேற்குப் பக்கமாக ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு போனால், அந்த எண்ணிக்கையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேபிளைக் கண்காணிப்பவர்களுக்கு இதைவிட நுட்பமான சான்றுகள் உண்டு. கடலடிக் கேபிளில் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒளியை வலுப்படுத்தும் ரிப்பீட்டர்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குத் தேவையான மின்சாரம் கரையிலிருந்து உயர் மின்னழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. நங்கூரம் உரசி மேலுறை மட்டும் கிழிந்தால், ஃபைபர் அறுபடாமலேயே மின்சாரம் கடல்நீரில் கசியத் தொடங்கும். அப்போது மின்னழுத்த அளவீட்டில் மாற்றம் தெரியும். முழுமையாக அறுந்துவிட்டால் ஒளித் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு அறுந்த இடத்தின் தொலைவைக் கணக்கிடலாம். இந்த அளவீடுகளை எடுத்த நேரத்துடன் சேமித்து வையுங்கள். பழுது நேர்ந்த இடத்தை அறிக்கையில் கடல் மைல் கணக்கிலோ அட்சரேகை, தீர்க்கரேகையாகவோ மதிப்பிட்டுச் சொல்ல இவைதான் ஆதாரம்.

இரண்டாம் படி: அறிக்கை தர வேண்டிய பழுதுதானா?

அமெரிக்க விதி இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. ஒரு முனையில் உள்ள கரை முனையக் கருவிக்கும் (கேபிளுக்குள் ஒளிச் சமிக்ஞையை அனுப்பிப் பெறும் கருவி) மறுமுனையில் உள்ள கருவிக்கும் இடைப்பட்ட பகுதியில் 30 நிமிடமோ அதற்கு மேலோ சேவை நின்றால் அறிக்கை தர வேண்டும். அல்லது ஒரு பிரிவில் ஏதேனும் ஒரு ஃபைபர் ஜோடி (போக ஒன்று, வர ஒன்று என இரு ஒளியிழைகள்) 4 மணி நேரமோ அதற்கு மேலோ செயலிழந்தாலும் தர வேண்டும். எட்டு ஜோடிகள் உள்ள கேபிளில் ஏழு நன்றாக இயங்கிக்கொண்டிருக்கிறதே என்ற சமாதானம் இங்கே செல்லாது. பழுது கடலில் இல்லை, முனையக் கருவியில்தான் என்று சொல்வதும் செல்லாது.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. போக்குவரத்தை வேறொரு கேபிள் வழியாகத் திருப்பிவிட்டதால் வாடிக்கையாளர் யாருக்கும் பாதிப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது பழுதுதான், அறிக்கைக்கு உரியதுதான் என்று விதியின் வரையறையே சொல்கிறது. இதை மிகச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். மாற்று வழி இருந்ததால் இன்று தப்பித்தோம். அந்த மாற்று வழியும் நாளை அறுந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளத்தான் அரசு இந்த விவரத்தைக் கேட்கிறது. ‘யாரும் புகார் செய்யவில்லை’ என்பதை ஒருபோதும் அறிக்கை தராமைக்குக் காரணமாக்காதீர்கள்.

மூன்றாம் படி: நேரக் குறிப்பு

அறிக்கைப் பணியின் உயிர்நாடி இதுதான். பழைய வட்டிக்கடைகளில் அன்றாட வரவு செலவு நடந்த அந்தக் கணமே சிட்டையில் ஏறிவிடும். பேரேட்டில் பதிவது பிறகுதான். பழுது நேரத்திலும் அதுபோலவே, நடப்பதை நடக்கும்போதே எழுத ஒருவரை ஒதுக்குங்கள். அவர் வேறு எந்த வேலையும் செய்ய வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, இந்திய நேரப்படி அதிகாலை 2:10 மணிக்குப் பசிபிக் கேபிள் ஒன்றில் எச்சரிக்கை ஒலிக்கிறது. உலகப் பொது நேரப்படி அது முந்தைய நாள் இரவு 8:40. வாஷிங்டனில் கோடைக்காலமாக இருந்தால் முந்தைய நாள் மாலை 4:40. குளிர்காலமாக இருந்தால் 3:40. இந்த மூன்றையும் குறிப்பேட்டில் அருகருகே எழுதுங்கள், தேதியையும் மறக்காமல் சேருங்கள், ஏனெனில் தேதி மாறிப்போவதுதான் இரவுப் பணியில் மிக எளிதாக நேரும் பிழை. 2:40க்கு 30 நிமிடம் நிறைவடைகிறது. 3:05க்குப் பணி மேற்பார்வையாளர் அளவீடுகளைப் பார்த்து, இது அறிக்கைக்கு உரிய பழுது என்று உறுதி செய்கிறார்.

அமெரிக்க விதியில் கடிகாரம் ஓடத் தொடங்குவது கேபிள் அறுந்த நொடியிலிருந்து அல்ல. அது அறிக்கைக்கு உரியது என்று உரிமதாரர் தீர்மானித்த நேரத்திலிருந்துதான். இந்த விதி 2021 அக்டோபர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 8 மணி நேர அவகாசம் இருந்தது. அதன்பிறகு அது 4 மணி நேரமாகக் குறைந்துவிட்டது. ஆகவே மேற்சொன்ன எடுத்துக்காட்டில் சட்டப்படி காலை 7:05 வரை நேரம் இருக்கிறது. ஆனால் 2:40க்கே 30 நிமிடம் கடந்துவிட்டதால், உங்கள் உள் கெடுவை 6:40 என்று வைத்துக்கொள்வதே நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட. தீர்மானிக்கும் நேரத்தை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு அவகாசத்தை நீட்டிக்கொள்வது விதியின் நோக்கத்தையே முறியடிக்கும் செயல்.

நான்காம் படி: முதல் அறிவிப்பு

இதில் அறிக்கை தரும் நிறுவனத்தின் பெயர், கேபிளின் பெயர், அதன் எல்லா உரிமதாரர்களின் பட்டியல், நிகழ்வின் சுருக்கமான விவரம், மூல காரணம் தெரிந்திருந்தால் அது, மிக அருகிலுள்ள தரையிறங்கு நிலையம், பழுது நேர்ந்த இடம் பற்றிய சிறந்த மதிப்பீடு, எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற மதிப்பீடு, திட்டமிட்ட பராமரிப்போடு தொடர்புடையதா என்ற விவரம், தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவை இடம்பெற வேண்டும். முதல் அறிவிப்பில் எல்லாம் முழுமையாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் எதிர்பார்க்கவில்லை. ‘சிறந்த மதிப்பீடு’ என்று விதி கேட்பதற்குக் காரணமும் அதுவே.

நிகழ்வு விவரத்தை இப்படி எழுதலாம்: “இந்திய நேரம் 2:10 முதல் கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே தொடர்பு முழுமையாக நின்றுள்ளது. ஒளி அளவீட்டின்படி பழுது மேற்கு நிலையத்திலிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. உறுதிப்படுத்தும் அளவீடு நடந்துகொண்டிருக்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை.” இதில் தெரிந்தது, மதிப்பிட்டது, தெரியாதது என்ற மூன்றும் தனித்தனி வாக்கியங்களில் நிற்பதைக் கவனியுங்கள். ‘கப்பல் நங்கூரத்தால் அறுந்தது’ என்று ஊகத்தை உறுதிபோல் எழுதினால், அது ஒரு கப்பல் மீதும் ஒரு நாட்டின் மீதும் சுமத்தும் குற்றச்சாட்டாக மாறக்கூடும். ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதத் தயங்க வேண்டாம். அதிகாலையில் அதுதான் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

ஐந்தாம் படி: இடைக்கால அறிக்கையும் இறுதி அறிக்கையும்

பழுதுபார்க்கும் பணித்திட்டம் உங்கள் கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் இடைக்கால அறிக்கையைத் தர வேண்டும். போக்குவரத்து வேறு வழியில் திருப்பப்பட்டதா, பழுதுபார்ப்பு எப்போது நடக்கும், பழுதுபார்க்கும் கப்பல் எப்போது வந்து சேரும் என்பவை இதில் முக்கியம். கப்பல் வருவது பல காரணங்களால் தாமதமாகும். நம் பகுதிக் கடல்களில் கேபிள் பராமரிப்பு, கேபிள் உரிமையாளர்களின் கூட்டு ஒப்பந்தங்களின் வழியே நடைபெறுகிறது. பல கேபிள்களுக்கு ஒரே கப்பலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்தக் கப்பல் வேறொரு பழுதில் ஈடுபட்டிருக்கலாம், வானிலை தடுக்கலாம், நாட்டின் கடல் எல்லைக்குள் நுழைய அனுமதி வரவேண்டியிருக்கலாம். தேதி மாறினால் மாறியது என்று மறைக்காமல் தெரிவியுங்கள்.

பழுது சரிசெய்யப்பட்ட ஏழு நாட்களுக்குள் இறுதி அறிக்கை போக வேண்டும். விவரங்கள் முழுமையானவை, துல்லியமானவை என்று நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் அதிகாரம் உடையவர் உறுதிமொழி தர வேண்டியிருப்பதால், அவர் விடுப்பில் போனால் யார் கையொப்பமிடுவார் என்பதையும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் அறிவிப்பில் சொன்ன மதிப்பீடு தவறாகிவிட்டால், அதை இங்கே வெளிப்படையாகத் திருத்துங்கள்.

ஐரோப்பிய நெறிமுறையின் படிகள் இதனினும் எளிதாக நினைவில் நிற்கும்: குறிப்பிடத்தக்க நிகழ்வைப் பற்றி அறிந்த 24 மணி நேரத்துக்குள் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிவிப்பு, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் இறுதி அறிக்கை.

இந்தியாவில்: மூன்று வேறு கதவுகள்

இந்தியாவில் ஒரே கேபிள் அறுப்பு மூன்று வெவ்வேறு கடமைகளை எழுப்பலாம், அல்லது ஒன்றையும் எழுப்பாமலும் போகலாம். அதனால் இங்கே கூடுதல் கவனம் தேவை.

முதலாவது, சேவை நின்றது பற்றிய கடமை. ஒரு மாவட்டம் அல்லது மாநிலம் முழுவதும் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால், சேவை நிறுவனங்கள் அதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சரிசெய்த 72 மணி நேரத்துக்குள் மூல காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் சொல்ல வேண்டும் என்று டிராய் 2023 மார்ச்சில் உத்தரவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சேவைத் தர ஒழுங்குமுறைகளில், 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவும் ப்ரீபெய்ட் வாடிக்கையாளருக்குச் செல்லுபடிக் கால நீட்டிப்பும் தர வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது.

இதில் செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். செட்டிநாடு என்பது ஒரு மாவட்டம் அல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்கள் சிவகங்கை மாவட்டத்திலும், வேறு சில நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆகவே செட்டிநாடு முழுவதும் இணையம் நின்றாலும், அது ஒரு முழு மாவட்டத்தின் பாதிப்பாகக் கணக்கில் வராமல் போகலாம். மாவட்ட வாரியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளைத் தனித்தனியே பட்டியலிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு நிகழ்வு பற்றிய கடமை. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளின்படி, பாதுகாப்பு நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்ட பயனர் எண்ணிக்கை, நீடித்த காலம், பாதிக்கப்பட்ட நிலப்பகுதி, பாதிப்பின் அளவு, எடுத்த சீர்நடவடிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். வலையில் சிக்கி அறுந்த கேபிள் இதற்குள் வராமல் இருக்கலாம். ஆனால் கண்காணிப்பு மென்பொருளில் யாரோ ஊடுருவியதால் சேவை நின்றது என்றால் நிச்சயம் வரும்.

மூன்றாவது, அந்த ஊடுருவல் போன்ற நிகழ்வுகளுக்கே பொருந்தும், இணையத் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு. அதற்கும் 6 மணி நேரம்தான் கெடு. கணினிகளின் பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது.

கேபிள்களையும் தரையிறங்கு நிலையங்களையும் இன்றியமையாச் சேவைகளாகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று டிராய் 2023 ஜூனில் பரிந்துரைத்தது. கடலடிக் கேபிளுக்கென்றே தனியான, ஒரே இடத்தில் அளிக்கும் அறிக்கை முறை நம் நாட்டிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். இரவுப் பணியில் இருக்கும் ஒரு பொறியாளர் மூன்று கதவுகளில் எதைத் தட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

ஊரில் சிறு பிராட்பேண்ட் நிறுவனம் நடத்துவோருக்கு

நீங்கள் பெரிய நிறுவனத்திடமிருந்து இணைய இணைப்பை வாங்கி விநியோகிப்பவர் என்றால், கேபிள் உரிமதாரரின் கடமை உங்களுடையது அல்ல. ஆனால் உங்கள் வாடிக்கையாளருக்குச் சேவை நின்ற நேரம் உங்கள் கணக்கில்தான் வரும். மேல்நிலை நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்டு ‘கடலில் கேபிள் கட்’ என்ற பதிலோடு நின்றுவிடாமல், எந்தக் கேபிள், எப்போதிலிருந்து, எப்போது சரியாகும் என்பதை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெறுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்களின் வீடுகளில் ஒரு வீடியோ அழைப்பு நின்றாலே பதற்றம் எழுகிறது. உண்மையான காரணத்தையும் ஏறக்குறைய எத்தனை நாள் ஆகும் என்பதையும் ஒரு குறுஞ்செய்தியில் சொல்லிவிட்டால் அந்தப் பதற்றம் தணியும்.

தொண்டி, கோட்டைப்பட்டினம் மீனவர்களுக்கும் ஒரு செய்தி

செட்டிநாட்டுக்கு அருகிலுள்ள கடற்கரை ஊர்களில் விசைப்படகு வைத்திருப்போர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கேபிளில் வலையோ நங்கூரமோ சிக்கிவிட்டால் இழுத்து எடுக்க முயல வேண்டாம். கேபிளில் உயர் மின்னழுத்த மின்சாரம் ஓடுவதால் அது உயிருக்கே ஆபத்து. கேபிளைக் காப்பதற்காக வலையையோ நங்கூரத்தையோ கைவிட்டவர், முன்கூட்டியே நியாயமான எச்சரிக்கையுடன் நடந்திருந்தார் என்றால், அந்த இழப்பைக் கேபிள் உரிமையாளர் ஈடுசெய்ய நாடுகள் சட்டம் இயற்ற வேண்டும் என்று ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 115ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 1995இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. படகு இருந்த இடம், நேரம், கைவிட்ட பொருள் ஆகியவற்றை அன்றே குறித்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் தெரிவியுங்கள். கேபிள் நிறுவனத்தின் பழுது அறிக்கையில் இருக்கும் இடமும் நேரமும் உங்கள் குறிப்போடு பொருந்தினால், அது உங்கள் கோரிக்கைக்கு வலுவான சான்றாகும்.

ரகசியமும் கோப்பும்

அமெரிக்க ஆணையத்துக்குப் போகும் பழுது அறிக்கைகள் ரகசியமானவை என்றே கருதப்படுகின்றன. கேபிள் செல்லும் இடமும் அதன் பலவீனமும் அதில் இருப்பதால் இது இயல்பே. ஆகவே அறிக்கையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். உறவினர் கேட்டாலும் ‘கேபிள் பழுது, சரிசெய்கிறார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுப்பிய ஒவ்வொரு அறிக்கையின் நகலையும், கிடைத்த ஒப்புகை எண்ணையும், நேரக் குறிப்பேட்டையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஆணையம் கேபிள் உரிம விதிகளில் பெரிய திருத்தங்களை ஏற்றிருக்கிறது. இந்தியாவிலும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் புதிய விதிகள் தொடர்ந்து வருகின்றன. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாரப்பூர்வ விதி நூலை நேரடியாகப் படித்து, உங்கள் ஒரு தாள் பட்டியலில் உள்ள கெடு நேரங்களைச் சரிபாருங்கள். அதே நாளில், பழுது ஏற்பட்டதாகப் பாவித்து ஒரு முதல் அறிவிப்பை எழுதிப் பழகுங்கள். புதிதாகப் பணியில் சேர்ந்தவர் கையில் அதைக் கொடுத்து, மேற்பார்வையாளர் உதவியில்லாமல் கெடுவுக்குள் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.